இன்டர்ஃபெரானை அடையாளம் காட்டிய எதிர்ப்பொருள்

என்.கே.2 என்பது இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா என்னும் மனிதப் புரதத்தை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் ஒரு மோனோகுளோனல் எதிர்ப்பொருள் ஆகும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிட் செச்சரும், வார்விக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெரெக் பர்க்கும் இதை உருவாக்கி, 1980ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். நோயாளிக்குச் செலுத்துவதற்காக இது உருவாக்கப்படவில்லை. இது ஓர் ஆய்வகக் கருவி. கலவையில் ஒளிந்திருக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுக்கவும் அளக்கவும் பயன்பட்டது.

ஆய்வகக் கருவிகளின் வரலாற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. கண்டுபிடிப்பும் மருந்தும் பேசப்படும். இரண்டுக்கும் இடையில் நின்ற கருவி மறக்கப்படும். இன்டர்ஃபெரானின் கதையிலோ கருவியை விட்டுவிட்டால் கதையே விளங்காது. இந்தப் புரதத்துக்குப் பெயர் வைத்து 20 ஆண்டுகளுக்கு மேலாகியும், அதைத் தூய நிலையில் தேவையான அளவு கையில் வைத்திருந்தவர் எவருமில்லை.

பெயர் கிடைத்தது, பொருள் கிடைக்கவில்லை

1957ஆம் ஆண்டு இலண்டனின் மில் ஹில் பகுதியில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலிக் ஐசக்ஸும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜீன் லிண்டென்மனும் ஓர் எளிய சோதனையைச் செய்தனர். கோழி முட்டைக்குள் வளரும் கருவைச் சூழ்ந்த சவ்விலிருந்து சிறு துண்டுகளை எடுத்தனர். வெப்பத்தால் செயலிழக்கச் செய்யப்பட்ட இன்ஃபுளுயன்சா வைரஸை அவற்றுடன் சேர்த்து ஊறவைத்தனர். பிறகு அந்தத் திரவத்தில் புதிய சவ்வுத் துண்டுகளை இட்டு, உயிருள்ள வைரஸைச் சேர்த்தனர். வைரஸ் சரியாக வளரவில்லை. முதல் துண்டுகளின் செல்கள் ஏதோ ஒரு பொருளைத் திரவத்தில் வெளியிட்டிருக்க வேண்டும். அது அடுத்த செல்களை எச்சரித்துக் காத்திருக்க வேண்டும். வைரஸின் வேலையில் குறுக்கிடுவதால் அதற்கு 'இன்டர்ஃபெரான்' என்று பெயரிட்டனர். ஜப்பானில் நாகானோவும் கோஜிமாவும் 1954இலேயே முயலின் தோலில் இதை ஒத்த ஒரு தடுப்புக் காரணியைக் கண்டிருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

இன்று நோயெதிர்ப்பு மண்டலத்தின் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் புரதங்களைச் சைட்டோகைன்கள் என்கிறோம். இன்டர்ஃபெரான் அவற்றில் ஒன்று. 1957இலோ அது கண்ணில் படாத ஒரு விளைவு மட்டுமே. ஆகவே கேலிக்குக் குறைவில்லை. 'தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பொருள்' என்றும் 'கற்பனைப் பொருள்' என்றும் பொருள்படும்படி அதன் பெயரையே திரித்துச் சக ஆய்வாளர்கள் சிலர் பேசினர். ஐசக்ஸ் 1967இல் தமது 45ஆம் வயதில் காலமானார். தாம் பெயரிட்ட பொருளைத் தூய நிலையில் காண அவருக்கு வாய்க்கவில்லை.

எடையில்லாத அளவு

தூய பொருள் இல்லாதபோது அதை எப்படி அளப்பது? செயலைக் கொண்டு அளந்தார்கள். தட்டுகளில் செல்களை வளர்த்து, சோதிக்க வேண்டிய திரவத்தைப் பல மடங்குகளாக நீர்க்கச் செய்து ஊற்றுவார்கள். அதன்பின் வைரஸை விடுவார்கள். வைரஸின் தாக்கத்தை எந்த நீர்ப்பு பாதியாகக் குறைக்கிறதோ, அதைக் கொண்டு 'இத்தனை அலகு' என்று கணக்கிடுவார்கள். இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கும் வேலை இது. செல்களின் நிலை, வைரஸின் வீரியம், அளப்பவரின் கண் என்று எல்லாமே விடையை மாற்றும். ஒரே மாதிரியை இரண்டு ஆய்வகங்கள் அளந்தால் இரண்டு எண்கள் வருவது வழக்கமாக இருந்தது.

இந்த நிலையிலும் உற்பத்தியைத் தளராமல் நடத்தியவர் பின்லாந்தின் காரி கான்டெல். ஹெல்சிங்கியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் இரத்த சேவைக்கு வந்த தான இரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரித்து, அவற்றில் சென்டாய் வைரஸைச் செலுத்தி, அவை வெளியிடும் இன்டர்ஃபெரானைச் சேகரித்தார். 1970களில் உலகெங்கும் நடந்த மருத்துவச் சோதனைகளில் பெரும்பாலானவை அவர் அனுப்பிய பொருளையே நம்பியிருந்தன.

அந்தப் பொருளின் தூய்மையைச் சிறு கணக்கால் உணரலாம். தூய இன்டர்ஃபெரான்-ஆல்ஃபாவின் ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ 20 கோடி அலகுகள் இருக்கும் என்பது பின்னாளில் தெரியவந்தது. கான்டெலின் தயாரிப்பில் ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு ஏறத்தாழ 10 இலட்சம் அலகுகளே இருந்தன. அதாவது 200 பங்கில் ஒரு பங்குதான் இன்டர்ஃபெரான். மீதி 199 பங்கும் வேறு புரதங்கள். இதில் கான்டெலைக் குறை சொல்ல எதுவுமில்லை. அன்றைய வேதியியல் முறைகளால் பேரளவில் அதற்குமேல் போவது மிகக் கடினம்.

இந்தக் கலப்புப் பொருளே புற்றுநோயாளிகளின் உடலில் ஏற்றப்பட்டது. 1978இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் இத்தகைய சோதனைகளுக்காக 20 இலட்சம் டாலர் ஒதுக்கியது. 1980 மார்ச்சில் 'டைம்' வார இதழ் இன்டர்ஃபெரானை அட்டைப்படச் செய்தியாக்கியது. நோயாளிகளுக்குக் காய்ச்சலும் கடும் சோர்வும் வந்தன. அவை இன்டர்ஃபெரானால் வந்தவையா, உடன்வந்த 199 பங்குகளால் வந்தவையா? சிலருக்குக் கட்டி சுருங்கியதே, அதுவும் எதனால்? விடை சொல்ல வழியில்லை.

எலியும் புற்றுசெல்லும்

விடைக்கான வழி இன்டர்ஃபெரானோடு தொடர்பே இல்லாத ஓர் ஆய்விலிருந்து வந்தது. எதிர்ப்பொருளை ஒரு கருவியாகப் பயன்படுத்தும் எண்ணம் புதிதன்று. 1890இல் பெர்லினில் பெரிங்கும் கிடசாட்டோவும் நோயெதிர்ப்பூட்டிய விலங்குகளின் இரத்த நீர்மம் நச்சை முறிப்பதைக் காட்டினர். 1960இல் நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் எதிர்ப்பொருளையும் கதிரியக்க அயோடினையும் சேர்த்து, இரத்தத்தில் உள்ள இன்சுலினின் நுண்ணிய அளவை அளந்தனர். பெர்சன் 1972இல் இறந்துவிட்டதால் 1977ஆம் ஆண்டின் நோபல் பரிசு யாலோவுக்கு மட்டும் கிடைத்தது.

ஆனால் யாலோவிடம் தூய இன்சுலின் இருந்தது. கலப்படமான ஒரு பொருளை விலங்குக்குச் செலுத்தினால், கலந்திருக்கும் ஒவ்வொரு புரதத்துக்கும் எதிராக அதன் உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்கும். அந்த விலங்கின் இரத்த நீர்மம், ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் விடை சொல்வது போன்றது. யார் என்ன சொன்னார் என்று பிரித்தறிய முடியாது. எதிர்ப்பொருள்களைக் கொண்டு இன்டர்ஃபெரானைத் தூய்மைப்படுத்த வேண்டுமானால், முதலில் தூய இன்டர்ஃபெரான் வேண்டும் என்ற நிலை.

கேம்பிரிட்ஜில் அர்ஜென்டினாவில் பிறந்த சீசர் மில்ஸ்டீனும், ஜெர்மானியரான ஜார்ஜ் கோலரும் 1975இல் இந்த முட்டுக்கட்டையை வேறொரு நோக்கத்தில் அகற்றினர். எதிர்ப்பொருள்களின் பன்மை எப்படி உண்டாகிறது என்பதுதான் அவர்களது கேள்வி. எதிர்ப்பொருளை உண்டாக்கும் செல்கள் எலியின் மண்ணீரலில் உள்ளன. ஒரு செல் ஒரே வகை எதிர்ப்பொருளைத்தான் உண்டாக்கும். ஆனால் உடலுக்கு வெளியே அது விரைவில் இறந்துவிடும். மைலோமா என்னும் புற்றுசெல்லோ முடிவின்றிப் பெருகும். இரண்டையும் இணைத்தால் முடிவின்றிப் பெருகிக்கொண்டே ஒரே வகை எதிர்ப்பொருளைச் சுரக்கும் கலப்புச் செல் கிடைக்கும். அதற்கு ஹைப்ரிடோமா என்று பெயர். அதன் ஒற்றை வம்சாவளியிலிருந்து வருவதே மோனோகுளோனல் எதிர்ப்பொருள். முதல் சோதனைகளில் செல்களை ஒட்டவைக்க அவர்கள் பயன்படுத்தியது செயலிழக்கச் செய்யப்பட்ட சென்டாய் வைரஸ். கான்டெல் இன்டர்ஃபெரான் சுரக்கவைத்ததும் அதே வைரஸைக் கொண்டுதான் என்பது சுவையான தற்செயல்.

இம்முறைக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. பிரிட்டிஷ் அரசின் தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம், உடனடி நடைமுறைப் பயன் எதுவும் தெரியவில்லை என்று 1976இல் பதில் எழுதியது. இதனால் நாட்டுக்குப் பெரும் வருவாய் போயிற்று என்று பின்னர் அரசியல் கண்டனம் எழுந்தது. எனினும் செல்களை மில்ஸ்டீன் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பி வைத்ததால்தான் இம்முறை சில ஆண்டுகளிலேயே உலக ஆய்வகங்களில் பரவியது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1984இல் மில்ஸ்டீன், கோலர், நீல்ஸ் யெர்னே ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

என்.கே.2 பிறந்த விதம்

ஹைப்ரிடோமா முறையின் உண்மையான வலிமை, தூய்மையற்ற பொருளிலிருந்து தொடங்கினாலும் தூய எதிர்ப்பொருளை அடையலாம் என்பதே. வகுப்பில் உள்ள மாணவர்களை ஒவ்வொருவராகத் தனி அறையில் உட்காரவைத்துக் கேட்பது போல, ஒவ்வொரு கலப்புச் செல்லையும் தனித்தனியே வளர்த்து, அதன் எதிர்ப்பொருள் எதைப் பற்றுகிறது என்று பார்க்கலாம். வேண்டாதவற்றைப் பற்றுபவற்றைத் தள்ளிவிடலாம்.

செச்சரும் பர்க்கும் ஓரளவே தூய்மையான இன்டர்ஃபெரானை எலிகளுக்குச் செலுத்தி, மண்ணீரல் செல்களை மைலோமா செல்களுடன் இணைத்தனர். கடினமான பகுதி அதன்பின் வந்தது. வளர்ந்த செல்வரிசைகளில் எது இன்டர்ஃபெரானைப் பற்றும் எதிர்ப்பொருளைச் சுரக்கிறது? இதைக் கண்டறிய அவர்களிடம் இருந்தது பழைய வைரஸ் சோதனை ஒன்றே. எதிர்ப்பொருள் அடங்கிய திரவத்தை இன்டர்ஃபெரானுடன் சேர்த்து, எஞ்சிய செயல்பாடு குறைகிறதா என்று நாட்கணக்கில் காத்திருந்து பார்க்க வேண்டும். செல்வரிசைகளோ காத்திருக்காமல் வளர்ந்துகொண்டிருக்கும், பராமரிக்காவிட்டால் அழியும். துல்லியமற்ற அளவுகோலைக் கொண்டே துல்லியமான அளவுகோலைத் தேடிய அந்தப் பொறுமையின் விளைவு என்.கே.2.

அதைச் சிறு மணிகளில் பிணைத்துக் குழாயில் நிரப்பினர். கலப்பு இன்டர்ஃபெரானை மேலிருந்து ஊற்றினால் மற்றப் புரதங்கள் வழிந்து வெளியேறும். இன்டர்ஃபெரான் மட்டும் மணிகளோடு தங்கும். பிறகு அமிலக் கரைசலை ஊற்றினால் எதிர்ப்பொருளின் பிடி தளர்ந்து இன்டர்ஃபெரான் இறங்கிவரும். இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா அமிலத்தைத் தாங்கும் இயல்புடையது என்பது இங்கே கைகொடுத்தது. ஒரே படியில் தூய்மை ஆயிரக்கணக்கான மடங்கு உயர்ந்தது.

சால்ஸ்பரியில் இருந்த சாதாரணச் சளி ஆய்வுப் பிரிவில், என்.கே.2ஆல் தூய்மைப்படுத்தப்பட்ட இன்டர்ஃபெரான் தன்னார்வலர்களின் மூக்கில் தெளிக்கப்பட்டது. சளி உண்டாக்கும் ரைனோ வைரஸிலிருந்து அது பாதுகாப்பளித்தது. காய்ச்சல் பற்றிய கேள்விக்கும் விடை வந்தது. தூய இன்டர்ஃபெரானை ஊசியாகப் பெற்றவர்களுக்கும் காய்ச்சலும் சோர்வும் வந்தன. பழியை அழுக்கின்மேல் போட முடியாது. அவை இன்டர்ஃபெரானின் சொந்த விளைவுகள். வைரஸ் காய்ச்சலின்போது உடல்வலியும் களைப்பும் ஏன் வருகின்றன என்பதற்கும் இது ஒரு பகுதி விளக்கம் ஆயிற்று. எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரே மருந்து என்ற கனவு மெல்ல அடங்கியது.

இதே காலத்தில், 1980 தொடக்கத்தில், சூரிச்சில் சார்ல்ஸ் வைஸ்மன் குழுவினர் இன்டர்ஃபெரான் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி அதனைக் கொண்டு உற்பத்தி செய்திருந்தனர். இரத்த தானத்தை நம்பியிருந்த காலம் முடிவுக்கு வந்தது. எனினும் பாக்டீரியாவின் ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவிலிருந்து இன்டர்ஃபெரானைப் பிரிக்கவும் மோனோகுளோனல் எதிர்ப்பொருள்களே துணைநின்றன. 1986இல் அமெரிக்காவில் ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா மருந்தாக ஒப்புதல் பெற்றது.

நாட்கள் மணிகளாயின

1981இல் செச்சர் என்.கே.2ஐக் கொண்டு ஓர் அளவீட்டு முறையை அறிவித்தார். முதலில் ஒரு பரப்பில் செம்மறியாட்டிலிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் ஒட்டவைக்கப்படும். மாதிரியில் உள்ள இன்டர்ஃபெரான் அவற்றில் சிக்கும். அதன்மேல் கதிரியக்க அயோடின் இணைத்த என்.கே.2 சேர்க்கப்படும். கழுவிய பின் எஞ்சும் கதிரியக்கமே இன்டர்ஃபெரானின் அளவு. இரண்டு எதிர்ப்பொருள்களுக்கு நடுவில் புரதம் அகப்படுவதால் இவ்வகை முறைகளுக்குச் 'சாண்ட்விச்' முறை என்ற பெயர் நிலைத்துவிட்டது. நாட்கள் எடுத்த வேலை சில மணி நேரத்தில் முடிந்தது.

கதிரியக்கத்துக்குப் பதிலாக, நிறமாற்றத்தை உண்டாக்கும் நொதியை எதிர்ப்பொருளில் இணைக்கும் முறையை 1971இலேயே ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மனும் வெளியிட்டிருந்தனர். அதுவே எலைசா. இரண்டும் கலந்து, இன்டர்ஃபெரான் மட்டுமன்றி ஏனைய சைட்டோகைன்களையும் அளக்கும் வழக்கமான முறையாயிற்று. இன்டர்ஃபெரான்-காமா என்ற உறவுப் புரதத்தை இவ்வாறு அளந்து காசநோய்த் தொற்றைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை முதலில் ஆஸ்திரேலியாவில் மாடுகளுக்காக உருவாக்கப்பட்டது; மனிதர்களுக்கு வந்தது பிறகுதான்.

எதிர்ப்பொருள் பார்ப்பதும் பாராததும்

பழைய வைரஸ் சோதனை மெதுவானது, கரடுமுரடானது. ஆனால் அது ஓர் உண்மையைச் சொன்னது: இந்தத் திரவம் செல்களைக் காக்கிறது. எதிர்ப்பொருள் அதைச் சொல்லாது. அது புரதத்தின் மேற்பரப்பில் ஒரு சிறு பகுதியின் வடிவத்தை மட்டுமே பார்க்கிறது. செயலிழந்த புரதத்திலும் அந்த வடிவம் எஞ்சியிருந்தால் 'இருக்கிறது' என்றே சொல்லும்.

இன்னொரு சிக்கல் குடும்பப் பெருக்கம். இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா என்பது ஒரே புரதமன்று. ஒன்றையொன்று மிகவும் ஒத்த ஒரு டஜன் புரதங்களின் கூட்டம். என்.கே.2 அவற்றில் பலவற்றைப் பற்றும், சிலவற்றை விட்டுவிடும். இரத்தத்திலேயே வேறு குழப்பங்களும் உண்டு. சிலரது உடலில் எலியின் எதிர்ப்பொருளையே பற்றும் எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. சாண்ட்விச் முறையில் இவை மேலும் கீழும் பிடித்துப் பாலம் போட்டுவிட்டால், இன்டர்ஃபெரான் இல்லாத மாதிரியும் இருப்பதாகக் காட்டும்.

எதிர்ப்பொருள்கள் பட்டியல் எண்ணோடு விற்பனைக்கு வந்தபின் இந்தக் கவலை பெரிதாயிற்று. வாங்குபவருக்குக் கிடைப்பது ஒரு சிறு குப்பி. அதற்குள் இருப்பதன் அமினோ அமில வரிசை பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. ஒற்றை வம்சம் என்று நம்பப்பட்டவையும் எப்போதும் ஒற்றையல்ல. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் சோதிக்கப்பட்ட 185 ஹைப்ரிடோமாக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, எதிர்பார்த்ததற்கு மேலாகக் கூடுதல் எதிர்ப்பொருள் சங்கிலிகளையும் உண்டாக்கின. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, ஆய்வில் பயன்படும் எதிர்ப்பொருள்களை வரிசையால் வரையறுத்து மரபணு வழியே உற்பத்தி செய்ய வேண்டும் என்று ஆண்ட்ரூ பிராட்பரியும் ஆண்ட்ரியாஸ் ப்ளூக்தனும் நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் கோரியிருந்தனர். நியாயமான கோரிக்கை. தராசை முத்திரையிட்டுச் சரிபார்க்கும் வழக்கம் காய்கறிக் கடைக்கே உண்டு. ஆய்வகத்துக்கு அதைவிடக் குறைவாக இருக்க முடியாது.

நோயாளிகள் தந்த எதிர்ப்பொருள்

இத்தனைக்குப் பிறகும் ஒரு குறை நீடித்தது. லூபஸ் போன்ற நோய்களில், உடல் தன்னையே தாக்குவதற்கு இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா ஒரு காரணம் என்று பல சான்றுகள் சுட்டின. ஆனால் நோயாளியின் இரத்தத்தில் அதை நேரடியாக அளக்கப் போனால், வழக்கமான எலைசாவின் எல்லைக்கும் கீழேதான் அளவு இருந்தது. எனவே இன்டர்ஃபெரான் தூண்டிவிடும் மரபணுக்களை அளந்து, அதன் இருப்பை மறைமுகமாகவே ஊகித்தனர். செயலைக் கொண்டு பொருளை ஊகித்த ஐசக்ஸ் காலத்து நிலைதான் இது.

2017இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனம், இமாஜின் நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். அவர்களுக்குத் தேவைப்பட்டது இன்டர்ஃபெரானை மிக இறுக்கமாகப் பற்றும் எதிர்ப்பொருள்கள். அவற்றை எலியில் தேடவில்லை. ஏ.பி.எஸ்.1 என்று சுருக்கமாக வழங்கும் அரிய மரபு நோய் உடையவர்களின் உடல், இன்டர்ஃபெரான்-ஆல்ஃபாவுக்கு எதிராகத் தானே எதிர்ப்பொருள்களை உண்டாக்கிக்கொள்கிறது. அத்தகைய நோயாளிகளிடமிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் ஆல்ஃபா குடும்பம் முழுவதையும் பற்றக்கூடியவை. இவற்றை டிஜிட்டல் எலைசா என்னும் முறையில் பயன்படுத்தினர். இதில் ஒவ்வொரு நுண்மணியும் தனித்தனிக் குழிக்குள் அடைக்கப்பட்டு, குழி ஒளிர்கிறதா இல்லையா என்று ஒவ்வொன்றாக எண்ணப்படுகிறது. ஒரு மில்லிலிட்டரில் சில ஃபெம்டோகிராம் இன்டர்ஃபெரான் இருந்தாலும் தெரிந்தது. ஒரு கிராமை ஒரு கோடியாகப் பிரித்து, அதில் ஒரு துண்டை மீண்டும் ஒரு கோடியாகவும், அதில் ஒன்றை மேலும் பத்தாகவும் பிரித்தால் கிடைப்பதே ஒரு ஃபெம்டோகிராம். லூபஸ் நோயாளிகளின் இரத்தத்தில் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா இவ்வாறு நேரடியாக அளக்கப்பட்டது.

அத்தகைய எதிர்ப்பொருள்கள் அரிய மரபு நோயாளிகளிடம் மட்டும் இருப்பவையல்ல என்பது 2020இல் தெரிந்தது. உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியாவுக்கு ஆளான 987 பேரின் இரத்தம் ஆராயப்பட்டது. அவர்களில் 101 பேரிடம், ஆல்ஃபா உள்ளிட்ட முதல்வகை இன்டர்ஃபெரான்களைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அறிகுறியற்ற அல்லது இலேசான தொற்று ஏற்பட்டவர்களிடம் அவை தென்படவில்லை. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள்.